இஞ்சி பீர்ல கேஸ் நிக்காம போனதுக்கு காரணம் மூடி

வீட்ல போடுற இஞ்சி பீர் ஜாடில நல்லா நுரைக்குது, ஆனா கிளிப் மூடி கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சா கேஸே இல்ல. லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை சேர்த்தேன், ஈஸ்ட் மாத்தினேன், கூடுதல் நாள் வெளிய வச்சேன், ஒன்னும் நடக்கல. அப்புறம்தான் கவனிச்சேன், அதே ஜாடில இருந்து பிளாஸ்டிக் சோடா பாட்டில்ல ஊத்தினது மட்டும் கல்லு மாதிரி இருக்கு, அமுக்கவே முடியல! அப்போ ஈஸ்ட்ல பிரச்சனை இல்ல. கண்ணாடி பாட்டில பக்கெட் தண்ணில முழுசா முக்கி பார்த்தா மூடி ஓரத்துல பொடி பொடியா குமிழ் வருது, ரப்பர் வாஷர் காஞ்சு இறுகிப் போயிருக்கு. பாரிஸ் கார்னர்ல புது சிலிக்கான் வாஷர் வாங்கி போட்டேன், அப்பாடா, சீறிக்கிட்டு வந்துச்சு. சென்னை வெயில்ல கேஸ் சீக்கிரம் ஏறிடும், அதனால ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கண்டிப்பா கூட வைங்க, அது இறுகினதும் எல்லாத்தையும் ஃபிரிட்ஜுக்கு மாத்திடுங்க, விட்டா கண்ணாடி வெடிக்கும். ஒரு ராத்திரி ஜில்லுன்னு இருந்தாதான் கேஸ் உள்ள நல்லா கரையும், அப்புறம் திறங்க.