15,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதுமா? மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள்

புதுக் கார் எடுக்கும்போது ஷோரூமில் பெருமையாகச் சொல்வார்கள்: "பதினைந்தாயிரத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் விட்டால் போதும் சார்." ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் கார்களுக்கு நம் நாட்டில் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 10,000 அல்லது ஒரு வருடம். ஐரோப்பாவிலோ இதே ஃபோக்ஸ்வேகன், லாங்லைஃப் திட்டத்தில் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம் வரை விடுகிறது. தெருமுனை மெக்கானிக்கைக் கேட்டால், ஐயாயிரம் தாண்டினால் எஞ்சின் போச்சு என்கிறார். இதில் யாருமே பொய் சொல்லவில்லை, கிலோமீட்டரை வைத்து ஆயிலின் வயதை அளப்பதுதான் கோளாறு.

டிராக்டர் வைத்திருப்பவரைக் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அவர் பார்ப்பதே இல்லை, மீட்டரில் மணிதான் பார்ப்பார், 250 மணி நேரம் ஆனால் ஆயிலை இறக்கிவிடுவார். ஏனென்றால் ஒரே வயலுக்குள் நாள் முழுக்கச் சுற்றினாலும் எஞ்சின் உழைத்துக்கொண்டேதான் இருக்கிறது. சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் காரும் அதே கதைதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜெர்மனியில் ஆட்டோபானில் சராசரி 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் 30,000 கிலோமீட்டர் ஓட 333 மணி நேரம் ஆகும். அதே 333 மணி நேரத்தில், வேளச்சேரியிலிருந்து அண்ணா சாலைக்கு ஆபீஸ் நேரத்தில் சராசரி 18-ல் ஊர்கிற கார் 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். அங்கே 30,000, இங்கே 6,000, எஞ்சின் சுற்றிய நேரம் மட்டும் ஒன்று. மெக்கானிக் சொன்ன ஐயாயிரம் அவ்வளவு மோசமான கணக்கு இல்லை என்பது இப்போது புரிகிறதா?

உங்கள் காருக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அடுத்த தடவை ஆயில் மாற்றிய அன்றே ட்ரிப் 'பி'யை (நாமே பூஜ்யமாக்கி எண்ணிக்கொள்ளும் தூர மீட்டர்) பூஜ்யமாக்கிவிடுங்கள், அப்புறம் அதைத் தொடாதீர்கள். மீட்டர் திரையில் சராசரி வேகம் காட்டும் காராக இருந்தால் ஓடிய தூரத்தை அந்த வேகத்தால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். சில கார்களில் அது பெட்ரோல் போடும்போதெல்லாம் தானாகவே பூஜ்யமாகும், செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். சராசரி வேகம் காட்டாத கார் என்றால் ஒரு வாரம் தினமும் எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர் என்று போனில் குறித்தாலே போதும்.

நான் வைத்திருக்கும் வரம்பு இது, எந்தப் புத்தகத்திலும் இருக்காது: நல்ல சிந்தெட்டிக் ஆயில் போட்ட சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்கு 300 மணி, டர்போ பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 200 முதல் 250. சராசரி 20-ல் ஓடுகிற பெட்ரோல் கார் என்றால் 6,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். சென்னை-மதுரை என்று வாராவாரம் நெடுஞ்சாலையில் போய் சராசரி 50 வருகிறதென்றால் கணக்குப்படி 15,000 வரும். ஆனால் கம்பெனி 10,000 என்று சொல்லியிருந்தால் அதற்கு மேல் போகாதீர்கள். சீக்கிரம் மாற்றினால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது (பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்), தள்ளிப்போட்டால்தான் தகராறு.

மணிக்கணக்கையும் மீறி ஆயிலைக் கெடுப்பது குட்டிப் பயணம். நான் வாங்கிய முதல் கார் செகண்ட் ஹாண்ட், ஐந்து வருடத்தில் 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, லாட்டரி அடித்த மாதிரி சந்தோஷப்பட்டேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்கப் பழுப்பு வெண்ணெய் அப்பியிருந்தது. முந்தைய ஓனர் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடை வைத்திருந்தவர், கார் ஒரு நாளும் ஒழுங்காகச் சூடானதே இல்லை. எஞ்சினுக்குள் உண்டாகும் ஈரமும், சிலிண்டர் ஓரமாக இறங்கும் பெட்ரோலும், ஆயில் நன்றாகச் சூடானால்தான் ஆவியாகி வெளியே போகும். இல்லாவிட்டால் அங்கேயே தங்கி அமிலமாகும், ஆயிலில் அதை முறிக்கக் கலந்திருக்கும் காரமும் தீர்ந்துபோகும். அதனால்தான் வருடத்துக்கு 3,000 ஓடினாலும் வருடம் ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் மேனுவலில் 'கடினமான சூழல்' என்று ஒரு பக்கம் இருக்கும், படித்துப் பாருங்கள்: தூசி, நெரிசல், குறைந்த தூரம். நம் ஊரில் கார் ஓட்டுவதே அதுதான்.

அப்படியானால் ஐரோப்பாக்காரன் ஏமாறுகிறானா? முழுசாக இல்லை. அங்கே 30,000 ஓட்ட 504/507 போன்ற ஃபோக்ஸ்வேகன் தரச்சான்று உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும், 5டபிள்யூ-30 என்று கெட்டித்தன்மை மட்டும் பொருந்துகிற ஏதோ ஒரு ஆயில் போதாது. அங்கே கம்பெனிக் கார்கள் நிறைய, மூன்று நான்கு வருடம் ஓட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சர்வீஸ் செலவு குறைந்த லாபம் முதல் ஆளுக்கு, பிஸ்டன் ரிங்கில் கரி கட்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும் தலைவலி வாங்குகிறவருக்கு. பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்குக் கணக்கே வேறு.

ஆயில் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், டீசலில் மாற்றிய ஒரு வாரத்தில் கறுத்துவிடும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் கலந்திருக்கிறது. அளவு குறைவது எல்லோருக்கும் தெரியும், ஏறுவதுதான் கவலை. பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதலாக டீசல் பாய்ச்சும்போது பாதியில் எஞ்சினை அணைத்துக்கொண்டே இருந்தால், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி அளவு டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டிவிடும். அப்படிப் பார்த்தால் எத்தனை மணி என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

மாற்றும்போது ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் அப்படியே எஞ்சினுக்குப் போகும். ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர் சின்னக் காசுதான், அதையும் புதுசாகப் போடுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். ஊற்றிய பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சமதளத்தில் ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே நிறையக் கார்களில் சுமார் ஒரு லிட்டர்தான், எனவே டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று முழுசாகக் கவிழ்த்துவிடாமல் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள்.