ரொட்டி ஊறுவதற்குள் சாப்பிடுங்கள்: சிகாகோ சவுத் சைடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்த நண்பரின் தம்பி கைபேசியை என் முன்னால் நீட்டினான். சிகாகோவில் கறுப்பினத்தவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள், காபிக் கடைகள், பார்கள் என்று பதினான்கு பெயர்கள். சனிக்கிழமை ஏழு, ஞாயிற்றுக்கிழமை ஏழு என்று கணக்கு வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பதினோரு வருடத்துக்கு முன் நான் போட்ட அதே திட்டம், அதே கூத்து.

கோட்டு எடுத்துப் போங்கள், டிப்ஸ் வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழைய பட்டியலை நம்பிக் கிளம்புவது

2020 மே கடைசியில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீசாரால் கொல்லப்பட்டதை அடுத்து, "கறுப்பினத்தவர் நடத்தும் இந்தக் கடைகளில் வாங்குங்கள்" என்று அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் பட்டியல்கள் சுற்றின. போட்டவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அவற்றில் பலவற்றைப் போட்டதோடு சரி, பிறகு யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், பூட்டிய ஷட்டர் முன்னால் நின்று எனக்குப் போன் செய்கிறார்கள்.

பெரிய பெயர் என்றால் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 75வது தெருவில் ஆர்மி அண்ட் லூஸ் என்று ஒரு உணவகம் இருந்தது. 1945இல் தொடங்கியது. நகரத்தின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்டு வாஷிங்டன் வழக்கமாகச் சாப்பிட வந்த இடம். 2011இல் மூடிவிட்டார்கள். எந்தக் கடையாக இருந்தாலும் கிளம்பும் முன் ஒரு போன். மணி அடித்து யாராவது எடுத்தால் கிளம்புங்கள்.

சோல் ஃபுட் மட்டும்தான் என்று நினைப்பது

கறுப்பர் கடை என்றாலே சோல் ஃபுட், அதாவது தெற்கு மாநிலக் கறுப்பினத்தவரின் பாரம்பரியச் சமையல், பொரித்த கோழி, மக்காச்சோள ரொட்டி என்று ஒரு படம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதே நகரத்தில் எத்தியோப்பியர் கடையில் தோசை மாதிரியான இன்ஜெரா கிடைக்கும், செனகல் நாட்டுக்காரர் கடையில் மீனும் சோறும் கிடைக்கும், ஜமைக்கா கடையில் ஜெர்க் சிக்கன். மேசை விரிப்புப் போட்டு, முன்பதிவு செய்து சாப்பிடும் இடங்களும் உண்டு. ஹைட் பார்க்கில் எரிக் வில்லியம்ஸ் 2018இல் திறந்த வர்ச்சூ அப்படிப்பட்டது. அவருக்கு 2022இல் அமெரிக்கச் சமையல் துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்டு விருது கிடைத்தது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு முன்பதிவு இல்லாமல் போய் நின்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நான் திரும்பியிருக்கிறேன்.

பார்சல் கட்டி டவுன்டவுனுக்கு ஓடுவது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம். ஐந்து பேர் விருந்தாளிகள், டவுன்டவுன் ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். கறுப்பினத்தவர் அதிகம் வாழும் தெற்குப் பகுதியான சவுத் சைடுக்கு அவர்களைக் கூட்டிப் போக எனக்கே உள்ளூரப் பயம். அலுவலகத்தில் சொல்லி வைத்த பயம்தான், நானாகப் பார்த்தது ஒன்றும் இல்லை. சரி, நான் மட்டும் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். கடையின் பெயர் வேண்டாம். எழுபதுகளில் எண் கொண்ட தெரு. சிகாகோவில் தெரு எண்ணே தூரத்தைச் சொல்லிவிடும். டவுன்டவுனின் மேடிசன் தெருவிலிருந்து தெற்கே எண்ணிக்கொண்டு போனால் 75வது தெரு சுமார் 14 கிலோமீட்டர்.

உள்ளே போனதும் காக்க வைத்தார்கள். இருபது நிமிடம். எனக்கு உடனே முகம் சுருங்கியது. கவுன்டரில் இருந்த வயதான அம்மா, "எங்கே உட்கார்ந்து சாப்பிடப் போறே, பேபி?" என்று கேட்டார். டவுன்டவுன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொட்டலத்தின் மேல் இன்னொரு தாள் சுற்றினார். "அங்கே போறதுக்குள்ள ரொட்டி போயிடும்" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஹோட்டல் அறையில் பொட்டலத்தைப் பிரித்தோம். அடியில் உருளைக்கிழங்கு வறுவல், அதன் மேல் வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு, அதன் மேல் கோழி, எல்லாவற்றின் மேலும் சிவப்பாகச் சாஸ். மேலே இருந்தது கீழே இறங்கி, வறுவல் கூழாகி, ரொட்டி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கோழித் தோல் நனைந்த அட்டை மாதிரி இருந்தது. விருந்தாளிகள் மரியாதைக்காக ஆளுக்கு ஒரு துண்டு தின்றார்கள். அன்று ராத்திரியே நான் உட்கார்ந்து விமர்சனம் எழுதினேன்: தாமதம், சாஸ் வெள்ளம், ஊறிப்போன உணவு. இரண்டு நட்சத்திரம்.

அதில் நான் குற்றமாக எழுதிய ஒவ்வொன்றும் அந்தக் கடையின் தொழில்முறை என்று தெரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. ஹெரால்ட்ஸ் சிக்கன் ஷாக் என்ற பொரித்த கோழிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் ஹெரால்டு பியர்ஸ் தொடங்கியது. பெரிய துரித உணவு நிறுவனங்கள் கறுப்பர் குடியிருப்புகளை எட்டிப் பார்க்காத காலம். இவரையோ டவுன்டவுன் பக்கமும் வடக்குப் பக்கமும் கடை போட விடவில்லை. ஹெரால்ட்ஸில் நீங்கள் சொன்ன பிறகுதான் கோழி எண்ணெயில் இறங்கும். முன்கூட்டிப் பொரித்து விளக்கின் கீழ் காய வைக்கிற பழக்கமில்லை. அந்த இருபது நிமிடம் தாமதமில்லை, சமையல். ரொட்டி சும்மா அலங்காரத்துக்கு வைத்ததல்ல, கோழியிலிருந்து வடியும் சாற்றையும் சாஸையும் பிடித்துக்கொள்ள வைத்தது. வாங்கிய பத்து நிமிடத்துக்குள் தின்றால் மேல்தோல் மொறுமொறுவென்றும் அடியில் ரொட்டி பாதி ஊறியும் இருக்கும். நம் ஊரில் சாம்பார் வடையை எப்போது தின்ன வேண்டும் என்று யாராவது பாடம் எடுக்கிறார்களா? அதே விஷயம்தான். மைல்டு சாஸ் என்று இவர்கள் சொல்வது கெட்சப்பும் பார்பிக்யூ சாஸும் கலந்த மாதிரி இனிப்பும் புளிப்புமாக, ஓடுகிற பதத்தில் இருக்கும். சொல்லாவிட்டால் மேலேயே ஊற்றிவிடுவார்கள். பார்சல்தான் வேண்டும் என்றால் சாஸைத் தனியாகக் கேளுங்கள், கோழியை நன்றாக முறுக விடச் சொல்லுங்கள். இரண்டு வார்த்தைதான். நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

பார்பிக்யூவும் அப்படித்தான். 75வது தெருவில் லெம்ஸ் என்று ஒரு கடை, மிசிசிப்பியின் இண்டியனோலாவிலிருந்து வந்த லெமன்ஸ் சகோதரர்கள் 1954இல் 59வது தெருவில் தொடங்கிய தொழில், பிறகு இங்கே வந்தது. தெற்கு மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் இந்த நகரத்துக்கு ரயிலேறி வந்த காலம் அது. உள்ளே மீன் தொட்டி மாதிரி கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அடுப்பு. கீழே விறகு எரியும், மேலே இறைச்சி புகையும். தீ எகிறினால் குழாயில் தண்ணீர் அடித்து அடக்குவார்கள். அங்கே ரிப் டிப்ஸ் கேளுங்கள். விலா எலும்பைச் சீராக வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற குருத்தெலும்புத் துண்டு. மற்ற இடங்களில் கழிவு என்று மலிவாகத் தள்ளிவிட்டதை இவர்கள் மணிக்கணக்காகப் புகைத்துச் சிகாகோவின் அடையாளமாக்கிவிட்டார்கள். உள்ளே உட்கார மேசை நாற்காலி கிடையாது. அதைப் பார்த்ததும் பார்சல் கடை, எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று தோன்றும். ஊர்க்காரர்கள் ஓடுவதில்லை. காரில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தின்கிறார்கள்.

எனக்கு இதைக் காட்டியவர் சாட்டம் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு சக ஊழியர். கார் பானெட் மேல் செய்தித்தாளை விரித்து, பொட்டலத்தைப் பிரித்து, "இப்ப தின்னு, பேச்சு அப்புறம்" என்றார். முதல் துண்டிலேயே எனக்குத் தலை குனிந்தது. வீட்டுக்குப் போய் அந்த விமர்சனத்தை அழித்தேன். ஒரு வருடம் அது அங்கேயே கிடந்திருக்கிறது. இருபது பேர் சேர்ந்து 4.5 கொடுத்த ஒரு கடையில் ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டால் சராசரி 4.4க்கு விழும். தேடுகிறவர் விரல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடும். விளம்பரத்துக்குப் பணமில்லாத குடும்பக் கடைக்கு அது சின்ன அடி இல்லை.

இப்போது ஆள்கூடப் போவதில்லை, டெலிவரி செயலியில் தட்டிவிடுகிறார்கள். கடைக்குப் போய்ச் சேர வேண்டிய காசில் கணிசமான கமிஷனைச் செயலி எடுத்துக்கொள்கிறது. கொரோனா காலத்தில் சிகாகோ நகர மன்றமே தலையிட்டு அதற்கு 15 சதவீதம் என்று வரம்பு போட வேண்டியிருந்தது. கடைக்காரருக்குக் காசு குறைவு, உங்களுக்கு ஊறிய ரொட்டி, அப்புறம் இரண்டு நட்சத்திரம். கறுப்பினத்தவர் தொழிலை ஆதரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இதைச் செய்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. போக முடியாது என்றால் வாங்காதீர்கள். வாங்கினால் விமர்சனமாவது எழுதாதீர்கள்.

கண்ணாடித் தடுப்பைப் படம் எடுப்பது

சில கடைகளில் கவுன்டருக்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடித் தடுப்பு இருக்கும். அதைப் படம் எடுக்காதீர்கள். உள்ளே நிற்பவர் வேலை பார்க்க வந்தவர்.

கீரை என்றால் சைவம் என்று நம்புவது

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இதில். காலர்டு கீரையைப் பல கடைகளில் புகையூட்டிய வான்கோழியோ பன்றிக்காலோ போட்டுத்தான் வேக வைப்பார்கள். பீன்ஸிலும் அதே கதை. பாதித் தட்டு தின்ற பிறகு ஒரு மாமி, கீரைக்கு நடுவில் நார்நாராக ஏதோ இருப்பதைக் கரண்டியால் எடுத்து என்னிடம் காட்டினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வான்கோழி என்று சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "இறைச்சி போடாமல் வேக வைத்ததா?" என்று நேராகக் கேளுங்கள். ஒளிக்க மாட்டார்கள். சைவர்களுக்கு 75வது தெருவிலேயே சோல் வெஜ் சிட்டி இருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது, முட்டை, பால்கூடக் கிடையாது. இப்போது மாமிகளை நேராக அங்கேதான் கூட்டிப் போகிறேன்.

"நீங்கள்தான் முதலாளியா?" என்று கவுன்டரில் கேட்பது

ஒரு நண்பர் இன்னும் ஒரு படி மேலே போய், "இது உண்மையிலேயே கறுப்பினத்தவர் கடைதானா?" என்று கேட்டுவிட்டார். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் இருமினார். சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களைப் பாருங்கள், கடையின் சொந்தப் பக்கத்தைப் படியுங்கள். கிளைகளாக நடக்கும் கடைகளில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உரிமையாளர் இருக்கலாம், ருசியும் மாறும். ஹெரால்ட்ஸில் எந்தக் கிளை உசத்தி என்று இந்த ஊர்க்காரர்கள் கடை எண்ணைச் சொல்லிச் சண்டை போடுவார்கள். நீங்கள் அதில் தலையிட வேண்டாம்.

திங்கட்கிழமை போவது

வாரத் தொடக்கத்தில் பல குடும்பக் கடைகளுக்கு விடுமுறை. மறுபடியும்: போன்.

பாருக்குக் கையை வீசிக்கொண்டு போவது

தலை நரைத்திருந்தாலும் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். இங்கே குடிக்கும் வயது 21. பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வந்து வாதாடிப் பயனில்லை. ப்ளூஸ் இசை கேட்க வேண்டும் என்றால், 1989இல் கிதார் கலைஞர் பட்டி கை தொடங்கிய லெஜண்ட்ஸ் டவுன்டவுனை ஒட்டியே இருக்கிறது. ஜனவரியில் பல வருடங்கள் அவரே மேடையேறியிருக்கிறார். சவுத் சைடு லவுஞ்சுகளில் ஸ்டெப்பிங் என்ற ஜோடி நடனம் நடக்கும் இரவுகளில் எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வருவார்கள். நான் ஒருமுறை அரைக்கால் சட்டையில் போய் நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கேக்கைக் கடைசிக்கு வைப்பது

75வது தெருவிலேயே பிரவுன் ஷுகர் பேக்கரி. கேரமல் கேக்கை முதலில் வாங்கிக் காரில் வையுங்கள், அப்புறம் கோழிக்கும் ரிப் டிப்ஸுக்கும் போங்கள். சாயங்காலம் வரலாம் என்று விட்டால் தட்டு காலியாக இருக்கக்கூடும். நண்பரின் தம்பிக்கு இதைச் சொன்னேன். கேட்டானா? ஏழு கடைத் திட்டத்தில் கேக் ஏழாவது. கிடைக்கவில்லை. மூன்றாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டதாம்.