லினக்ஸில் பாட்டு கரகரக்கிறதா? முதலில் காதைத் தீட்டுங்கள்

வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டவர்கள், ஒலி கெட்டதும் இணையத்தில் கிடைக்கிற கட்டளைகளை எல்லாம் டெர்மினலில் ஒட்டிப் பார்ப்பார்கள். அது வேண்டாம். ஒலி எப்படிக் கெடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சோதனைக்கு, கணினியிலேயே சேமித்து வைத்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி 96.8 வானொலியை இணையத்தில் ஓடவிட்டுப் பார்த்தால், தடுமாறுவது வைஃபையா சவுண்ட் கார்டா என்று தெரியாது. புளூடூத்தும் வேண்டாம், அதன் தொல்லை தனிக்கதை. வயர் வைத்த ஹெட்போனோ ஸ்பீக்கரோ போதும்.

படி 1: பாட்டு ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறதா?

பெரும்பாலும் இதில் லினக்ஸுக்குப் பங்கே இல்லை. மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது மின்சாரத்தின் வேலை. சிங்கப்பூரில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு எர்த் இணைப்பு வழியாக ஸ்பீக்கரில் கேட்கிறது. கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், ஆடியோ வயருக்கு நடுவே மாட்டுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் விசாரியுங்கள். பிளக்கின் எர்த் இணைப்பை எடுத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

படி 2: பாட்டு தொடங்கும்போது மட்டும் ‘டப்’ என்கிறதா?

மின்சாரத்தை மிச்சப்படுத்த, சும்மா இருக்கும் சவுண்ட் கார்டை லினக்ஸ் தூங்க வைக்கிறது. எழுப்பும்போது வருவதுதான் இந்தச் சத்தம். ஏதாவது ஒரு பாட்டை மெதுவாக ஓடவிட்டு, வேறொன்றைத் தொடங்குங்கள். ‘டப்’ வரவில்லை என்றால் காரணம் இதுதான். ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் மாட்ப்ரோப்.டி-யில் (/etc/modprobe.d), பெயர் .கான்ஃப் (.conf) என்று முடிகிற ஒரு புதிய கோப்பை அட்மின் உரிமையோடு உருவாக்கி, இந்த ஒரு வரியை ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதுங்கள்:

options snd_hda_intel power_save=0

கணினியை மறுபடி தொடங்குங்கள். மதர்போர்டிலேயே உள்ள ஒலிச் சிப்புகள் பலவற்றுக்கு இது பொருந்தும்; யூஎஸ்பி சவுண்ட் கார்டுக்குப் பொருந்தாது. டிஎல்பி (TLP) என்ற மின்சேமிப்பு நிரலை நிறுவியிருந்தால் அது இந்த அமைப்பை மாற்றிவிடலாம், அங்கேயும் பாருங்கள்.

படி 3: பாட்டின் நடுவே கரகரப்பா?

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். பாட்டு துண்டு துண்டாகத்தான் சவுண்ட் கார்டுக்குப் போகிறது. வழக்கமாக ஒரு துண்டில் 1024 ஒலி மாதிரிகள் (சாம்பிள்). நொடிக்கு 48,000 என்ற கணக்கில் அது சுமார் 21 மில்லிநொடிக்கு வரும். அதற்குள் அடுத்த துண்டு வராவிட்டால் கரகரப்பு.

முதலில் எளிதானவை. பவர் சேவர் முறையை அணையுங்கள். யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஹப்பில் இருந்தால் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். வேறோர் இயங்குதளத்துக்குள் விர்ச்சுவல் மெஷினாக லினக்ஸை ஓட்டுகிறவர்கள், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் யூஎஸ்பியில் கிளப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தெளிவாகக் கேட்டால் உங்கள் சவுண்ட் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

இன்னும் கரகரத்தால், டெர்மினலில் பிஏசிடிஎல் இன்ஃபோ (pactl info) என்று தட்டுங்கள். விடையில் பைப்வயர் (PipeWire) என்ற பெயர் இருக்க வேண்டும்; லினக்ஸில் ஒலியைக் கையாளும் மென்பொருள் அது. ஃபெடோரா 34, உபுண்டு 22.10 தொடங்கி இதுவே வழக்கம். பழைய பல்ஸ்ஆடியோ (PulseAudio) மட்டும் என்றால், இங்கேயே நிறுத்திவிட்டு இயங்குதளத்தைப் புதுப்பிப்பது நல்லது என்பேன்.

பைப்வயர் இருந்தால் பிடபிள்யூ-டாப் (pw-top) என்று தட்டிவிட்டு, பாட்டைப் போடுங்கள். பிழைகளை எண்ணும் இஆர்ஆர் (ERR) என்ற பத்தியைப் பாருங்கள். கரகரக்கும்போதெல்லாம் அந்த எண் ஏறுகிறதா? பிரவுசரின் வரியில் மட்டும் ஏறினால் பிரவுசரைக் கவனியுங்கள், திறந்து கிடக்கும் டேப்களை மூடுங்கள். சவுண்ட் கார்டின் வரியிலேயே ஏறினால், துண்டைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்:

pw-metadata -n settings 0 clock.force-quantum 2048

பாட்டு ஓடும்போதே மாற்றம் தெரியும். பிடிக்கவில்லையா? கடைசியில் உள்ள 2048-ஐ 0 ஆக்கி மறுபடி கொடுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும். கணினியை மறுபடி தொடங்கினாலும் மறைந்துவிடும், அதனால் பயப்படாமல் சோதிக்கலாம்.

2048 வைத்தால் ஒலி கொஞ்சம் தாமதமாகும். பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் அது உறுத்தாது. கணினியில் மாட்டி மிடி இசைக் கீபோர்டு வாசிக்கிறவர்கள் மட்டும் வாசிக்கும் நேரத்தில் 0-க்குத் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் விரல் முன்னே போகும், ஸ்வரம் பின்னே வரும்.