போர்ப் படத்துல சாமியும் நியாயமும் யார் பக்கம் நிக்குதுன்னு எப்படிப் பாக்கறது

திருவல்லிக்கேணி ரூம்ல லேப்டாப்ப ஸ்டூல் மேல வெச்சு நாலு பேர் போர்ப் படம் பாக்கறது எங்களுக்கு ஞாயித்துக்கிழமை வழக்கம், படம் முடிஞ்சா டீக்கடைல சண்டை, அந்தச் சண்டைல கத்துக்கிட்டதத்தான் எழுதறேன், ஆராய்ச்சில்லாம் இல்ல.

மொதல்ல யார் யார் சாமி கும்பிடறாங்கன்னு எண்ணுங்க. நம்ம பக்கத்து ஆளுக்கு சிலுவை, தாயத்து, அம்மா குடுத்த திருநீறுன்னு ஏதாச்சும் இருக்கும், எதிரிக்கு ஒண்ணுமே இருக்காது, அப்படியே இருந்தாலும் அவன் சாமி பேரச் சொன்னா நமக்குப் பயம் வர்ற மாதிரி மியூசிக் போட்ருப்பாங்க. இந்தக் கணக்கு ஒண்ணே பாதிப் படத்தக் காட்டிக் குடுத்துரும்.

அப்புறம் அந்தச் சாமி என்ன வேலை பண்ணுதுன்னு பாருங்க. ‘சேவிங் பிரைவேட் ரயன்’ல (1998) ஒரு ஸ்னைப்பர் பைபிள் சங்கீதத்த முணுமுணுத்துக்கிட்டே குறி பாத்து சுடுவார், அங்க ஜெபம் கை நடுங்காம இருக்கறதுக்கு. ‘ஹேக்சா ரிட்ஜ்’ (2016) நேர் எதிர். டெஸ்மண்ட் டாஸ் நெஜமாவே இருந்த ஆளு, செவன்த் டே அட்வென்டிஸ்ட்ங்கற கிறிஸ்தவப் பிரிவு, துப்பாக்கியத் தொடவே மாட்டேன்னுட்டு அமெரிக்க ராணுவத்துல மெடிக்கா, அதாவது அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பாக்கறவரா சேந்து 1945ல ஜப்பான்ல இருக்கற ஒகினாவா தீவுக்குப் போனவர், சுமார் 75 பேர மலை விளிம்புலேர்ந்து கயித்துல கட்டி இறக்கிக் காப்பாத்தினார்னு சொல்றாங்க. படத்துல அடிபட்ட ஜப்பான்காரன் ஒருத்தனுக்கும் வைத்தியம் பாப்பார். ஆனா அவரு சுடாம இருக்க சுத்தி எல்லாரும் சுட வேண்டியிருக்கு, அந்தச் சண்டைய படம் ரொம்ப ரசிச்சே காட்டுது, அதையும் சேத்துப் பாக்கணும்.

இத நான் சொன்னதும் ரூம்மேட், "டேய், ரெண்டு தெரு தள்ளி பார்த்தசாரதி கோயில் இருக்கு, அங்க போய்க் கேளு"ன்னான். நியாயந்தான். ஆயுதம் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு தேரோட்ட வந்த கண்ணன், உற்சவர் முகத்துல பீஷ்மர் அம்பு பட்ட தழும்பு, மூலவர் கையில சங்கு இருக்கு, சக்கரம் கிடையாது. அதே கண்ணன் பாரதத்துல பீஷ்மர் மேல கோவம் தலைக்கேறி, சொன்ன வாக்கையும் மீறி பாய்ஞ்சுட்டார், அர்ஜுனன்தான் புடிச்சு நிறுத்தினான். சாமியே தடுமாறுன எடத்த நம்ம கதை மறைக்கல, நீங்க பாக்கற படம் மறைக்குதா?

நியாயம்னு வந்தா, இரக்கம் காட்டுனவனுக்கு கதை என்ன குடுக்குதுன்னு பாருங்க, இதுதான் எனக்கு முக்கியம். ரயன் படத்துல சரணடைஞ்ச ஒரு ஜெர்மன்காரன அமெரிக்க சிப்பாய்ங்க விட்ருவாங்க, கடைசில அவனே வந்து கேப்டன சுடுவான், அப்புறம் அவன் மறுபடி கையத் தூக்கி நிக்கறப்ப, அவன் உயிருக்காக அன்னிக்கு வாதாடுன சிப்பாயே அவன சுட்ருவான். கை தட்டத் தோணும், நானும் தட்டுனேன். எங்க தட்டத் தோணுதோ அங்க நிறுத்தி ரிவைண்ட் பண்ணுங்க, அவன திரும்பி வர வெச்சது கதை எழுதுனவங்கதான.

இதுக்குப் பக்கத்துல சோவியத் படம் ‘கம் அண்ட் சீ’ய (1985) வெச்சுப் பாருங்க. ஜனங்கள அடைச்சு வெச்சு கிராமத்தையே கொளுத்துனதப் பாத்த பெலாரஸ் பையன் ஹிட்லர் போட்டோவ சுட்டுக்கிட்டே இருப்பான், சுடச்சுட வரலாறு பின்னாடி ஓடும், கடைசில அம்மா மடில கொழந்தை ஹிட்லர். அங்க பையன் நிறுத்திருவான். அன்னிக்கு டீக்கடைல ஒருத்தரும் வாயத் தெறக்கல.

சாதாரண ஜனம் சாகறது படத்துல கணக்குல வருதான்னும் பாருங்க. புறநானூறு ஒம்பதாம் பாட்டுல பசு, பார்ப்பார், பொம்பளைங்க, நோயாளிங்க, புள்ள இல்லாதவங்கல்லாம் பத்திரமா போயிருங்க, அம்பு விடப் போறோம்னு சொல்லிட்டுத்தான் சண்டைக்கே போறாங்க, அத அறத்தாறுன்னு, அதாவது அறத்தோட வழின்னு சொல்லுது பாட்டு. எதிரி ஊர்ல குண்டு போடற சீன்ல அப்படி ஒரு வார்த்தையாச்சும் வருதா?

மொதல் தடவ பாக்கறப்ப இதெல்லாம் நெனைக்காதீங்க, அழுகை வந்தா அழுங்க. ரெண்டாவது தடவ ஜெபம் பண்ற சீன் வர்றப்ப மட்டும் மியூட்ல போடுங்க, மியூசிக் இல்லாம அந்த மூஞ்சில பக்தி இருக்கா பயம் இருக்கான்னு பாக்கலாம்.