டாட்டூவைச் சுற்றி வந்த பருக்கள்: எனக்கு எப்படிச் சரியானது

சித்திரை வெயிலில் முன்கையில் டாட்டூ போட்டேன். ஓரிரு நாளில் கோடுகளைச் சுற்றி வேர்க்குரு மாதிரி சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின, அரிப்பு தாங்கவில்லை. கடையில் கொடுத்தது பெட்ரோலியம் ஜெல்லி கலந்த களிம்பு. சென்னை வியர்வையில் அது தோலை மூடிக்கொள்ள, அடியில் ஈரம் தேங்கிவிட்டது.

களிம்பை நிறுத்தினேன். காலையும் இரவும் முதலில் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, வாசனையில்லாத சோப்பின் நுரையை விரல்நுனியால் டாட்டூவில் தடவி அலசினேன். துண்டு வேண்டாம், டிஷ்யூவால் ஒற்றி எடுத்துச் சற்று நேரம் காற்றாட விட்டேன். அப்புறம் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், கொஞ்சமே கொஞ்சம். தடவிய இடம் பளபளவென்று மின்னினால் அது அதிகம். பருக்கள் அடங்கிவிட்டன.

அடுத்து தோல் உரியும். கறுப்புத் துணுக்குகள் உதிர்வதைப் பார்த்து மை போகிறதே என்று பயப்படாதீர்கள். உரிவது மேல்தோல்; மை அதற்குக் கீழே, உள்தோலில் இருக்கிறது. பொருக்கைப் பிய்த்தால்தான் அந்த இடம் வெளிறும். அரித்தபோதெல்லாம் உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டேன். அத்தை மஞ்சள் பற்றுப் போடச் சொன்னார். ஆறாத புண்ணில் வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

மேல்தோல் ஆற 2 முதல் 4 வாரம் பிடிக்கும். அதுவரை கடல், நீச்சல் குளம் கூடாது. சன்ஸ்கிரீனும் ஆறிய பிறகுதான். தளர்வான பருத்தி முழுக்கைச் சட்டையே போதும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.