ஏணியில் ஏற வந்தவர்கள் கரையில் செய்யும் தவறுகள்

சட்டமன்றத் தேர்தலுக்கு எங்கள் இராமநாதபுரம் மீனவக் கரையில், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர் செய்யக்கூடாத முதல் தவறு, சொந்தக் கதையில் ஆரம்பிப்பது. கட்சித் தலைமை தனக்குச் செய்த துரோகத்தை அவர் மைக்கில் உருகி உருகிச் சொல்வார். கேட்கிறவருக்கோ, இலங்கை பிடித்துப்போன விசைப்படகு திரும்பி வருமா என்பதுதான் கவலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2016இல் ஓட்டுப்பதிவே அதற்கு நடுவில், மே 16இல்தான் வந்தது. அந்த நேரத்தில் வந்து "இன்னைக்குக் கடலுக்குப் போகலையாண்ணே?" என்று கேட்டுவிட்டால், வலையைச் சரிசெய்துகொண்டிருப்பவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

அதைவிடப் பெரிய தவறு, நாற்காலிக்காகச் சொந்தக் கட்சி ஓட்டுகளையே இரண்டாகப் பிரிப்பது. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. உடைந்து, 1989 தேர்தலில் அவர் மனைவி ஜானகியின் அணி இரட்டைப் புறாச் சின்னத்திலும் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் நின்றன. இரட்டை இலை முடங்கிக் கிடந்தது. 13 ஆண்டுகள் கழித்து தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. முதல்வராக இருந்த ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார். அவரோடு கூட்டணி வைத்துத் தனிக்கட்சி கண்ட சிவாஜி கணேசன் திருவையாற்றில் பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் பின்தங்கினார். சிவாஜியைப் பார்க்கக் கூடிய கூட்டம் கொஞ்சமா? பார்க்க வருவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு.

எங்கள் இராமநாதபுரம் தொகுதியில் இதே தவறு நடந்தது 2024 மக்களவைத் தேர்தலில். சட்டமன்றம் இல்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். மூன்று முறை அ.தி.மு.க. முதல்வராக இருந்த ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் வேறு சிலரும் நின்றது தனிக்கூத்து. அவர் இரண்டாம் இடம், அ.தி.மு.க. மூன்றாம் இடம். இரண்டு பேர் ஓட்டையும் கூட்டினாலும், ஏணிச் சின்னத்தில் நின்று ஜெயித்த நவாஸ்கனியை எட்டவில்லை. தனக்குச் செல்வாக்கு உண்டென்று காட்டினார், சரி. கரைக்கு என்ன கிடைத்தது?

முதல்வர் வேட்பாளர் என்று அவசரப்பட்டு அறிவிப்பதும் ஆபத்துதான். 2011இல் 29 இடம் பிடித்த விஜயகாந்த், 2016இல் அந்தப் பட்டத்தோடு நின்று உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார்.

அப்புறம், கரையைப் படம் எடுக்கிற இடமாக நினைப்பது. கமல்ஹாசன் பரமக்குடியில் பிறந்தவர். 2018இல் கட்சிப் பயணத்தை இராமேசுவரத்தில் கலாம் வீட்டிலிருந்துதான் தொடங்கினார். 2021இல் நின்றது கோவை தெற்கில். 1,728 ஓட்டில் தோற்றார். பரமக்குடி தனித்தொகுதி, அங்கே நிற்க முடியாது. இராமநாதபுரம் பொதுத்தொகுதிதானே?