பழைய குவாட் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் தேடியபோது

1957இல் குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த, மின்புலத்தால் மெல்லிய படலத்தை அசைத்து ஒலி எழுப்பும் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது. மனிதக் குரலை இவ்வளவு இயல்பாக வேறெதிலும் நான் கேட்டதில்லை. வாங்கிய வாரமே வீட்டிலிருந்த 100 வாட் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துவிட்டேன். பியானோ ஓங்கி எழுந்த ஓர் இடத்தில் பட்டென்று சத்தம். வலப்பக்க ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்ரெபிள் பேனல் போய்விட்டது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். இந்த ஸ்பீக்கர் தாங்குவது உச்சத்தில் 33 வோல்ட். 8 ஓமில் 100 வாட் என்றால் உச்சம் 40 வோல்ட்! பார்க்க வேண்டியது வோல்ட்டைத்தான், வாட்டை அல்ல.

இம்பீடன்ஸும், அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடையும், ஒரே நிலையில் இருக்காது. பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளில் 30 ஓமைத் தாண்டும், 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். பேனல், மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்வதால், சில டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் காதுக்கு எட்டாத அலைவரிசையில் தாமாக அதிரத் (ஆசிலேட் ஆகத்) தொடங்கிச் சூடேறும்.

பேனலை மாற்றியபின் நண்பரின் குவாட் 2 வால்வு ஆம்ப்ளிஃபயரை வைத்துக் கேட்டேன். 15 வாட்தான், ஆனால் குரலும் வயலினும் அற்புதம். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வந்தால் மட்டும் மூச்சு வாங்கியது. கடைசியில் 45 வாட் குவாட் 303 வாங்கினேன். உச்சம் சுமார் 27 வோல்ட், வரம்புக்கு நன்றாகவே உள்ளே. அதிலிருந்த பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்றிய பிறகே ஸ்பீக்கரில் இணைத்தேன். அதே பியானோ இசை இப்போது முழுதாக ஓடுகிறது.